சாட்சி டப்பா

சொந்தக் கடையில் சமைப்பவர்களை அடுப்பு மட்டும்தான் சுடும்; அடுத்தவர் வீட்டில் போய்ச் சமைப்பவர்களை எல்லாமே சுடும். கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகும் என் சகோதரிகளுக்கு இது தெரிந்ததுதான். எண்பதுகளின் நடுவில் தாம்பரத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். படிப்பு ஏழாவதோடு நின்றுவிட்டது. கவலை மட்டும் நிற்கவில்லை. பந்தியில் உட்காரும் ஒவ்வொருவர் வயிற்றையும் பார்ப்பேன். இதில் ஒரு வயிறு கெட்டாலும் பழி என் தலையில்தானே, அப்புறம் யார் என்னைக் கூப்பிடுவார்கள்?

கடை எங்கே?

பயத்தில் லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்று முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனேன். பாரத்தில் "கடையின் முகவரி" என்று ஒரு கட்டம். கடையே கிடையாது, கூப்பிடுகிறவர்கள் வீட்டிலேயே சமைக்கிறேன் என்றேன். குமாஸ்தா பேனாவை மூடினார்.

"அப்போ இந்த வாரம் செம்பாக்கம், அடுத்த வாரம் சேலையூரா? உங்க அடுப்பு எங்க இருக்குன்னு நான் எழுதுறது?"

"அதான் சார் எனக்கும் தெரியல."

அவர் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க முதல்ல ஒரு இடத்துல நில்லுங்கம்மா. அப்புறம் லைசென்ஸ் தர்றேன்."

கோர்ட்டுக்குப் போய் வந்தவர்

சிட்லபாக்கத்தில் ஒரு வளைகாப்பு. வீட்டுக்காரர் முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். விறகு அடுப்புச் சூட்டில் மொட்டை மாடித் தளம் வெடித்துவிடுமோ என்று நான் அடுப்புக்குக் கீழே ஒரு கூடை மணல் கொட்டினேன். அவர்கள் வீட்டு சிலிண்டரைத் தொடவே இல்லை. அது தீர்ந்தால் அடுத்தது வருவதற்குள் வளைகாப்புக் குழந்தை தவழ ஆரம்பித்துவிடும். என் தவிப்பையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவர், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

எல்லாப் பதார்த்தத்திலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து டப்பாவில் போட்டு, மறுநாள் மத்தியானம் வரை வைத்திருக்க வேண்டுமாம். "எவனாவது வயிறு வலிக்குதுன்னு வந்தா, வாயால சண்டை போடாதம்மா. டப்பாவைத் திற, சோதனைக்கு அனுப்பு. அதுதான் உனக்குச் சாட்சி."

வாசலில் சோதனை

அன்றிலிருந்து ஐந்து அறை உள்ள எவர்சில்வர் டப்பா ஒன்று என்னோடு வந்தது. அதற்கு வந்த சோதனை இருக்கிறதே! செம்பாக்கத்தில் ஒரு வீட்டம்மா, நான் கிளம்பும்போது கேட்டை மறித்து நின்றுகொண்டு, "பையில என்ன?" என்றார். திறந்து காட்டினேன். ஒரு கரண்டி சாம்பார், ஒரு கரண்டி கூட்டு, எலுமிச்சம்பழ அளவுக்குச் சாதம். சாட்சி என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் இளகிவிட்டது.

"அடப் பாவமே, இதுக்கா இப்படிப் பயந்துக்கிட்டுப் போறே? கேட்டிருந்தா தூக்கு நிறையக் குடுத்திருப்பேனே!"

சாட்சி காணாமல் போனது

என் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. அதனால் ஒரு கல்யாண வீட்டு ஃப்ரிட்ஜிலேயே, "சாட்சி, தொடாதீர்கள்" என்று சீட்டு ஒட்டி டப்பாவை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் என்னோடு வேலை செய்யும் கன்னியம்மாவும் நானும் எடுக்கப் போனோம். "யக்கா, இன்னாக்கா இது, டப்பா காலியா கீது!" என்று அவள் கத்தியதில் வீடே கூடிவிட்டது.

புது மாப்பிள்ளை மெதுவாக முன்னால் வந்தார். ராத்திரி பசித்ததாம். மாமியார் வீட்டில் கேட்க வெட்கமாம்.

"சாட்சி நல்லாத்தான் இருந்துச்சுக்கா. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி."

டப்பா திறந்த நாள்

அதற்குப் பிறகு டப்பாவை எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரின் ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் மத்தியானம் வரை புகார் எதுவும் வராவிட்டால் அதுதான் எனக்குச் சாப்பாடு. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு காதுகுத்து. மறுநாள் காலையில் அந்த வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து நின்றார். விடிந்ததிலிருந்து நாலு பிள்ளைகளுக்கு வாந்தி. "என் சம்சாரம் போலீசுக்குப் போகணும்ங்கிறா. நீங்களே வந்து சொல்லுங்கக்கா" என்றார். டீச்சர் வீட்டிலிருந்து டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்தேன். வண்டி குலுங்கியதில் மூடி வழியெல்லாம் தாளம் போட்டது.

பிள்ளைகள் உப்பு சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுச் சோர்ந்து படுத்திருந்தார்கள். அவர்கள் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்தாள். டப்பாவைச் சோதனைக்கு அனுப்பத்தான் வக்கீல் குமாஸ்தா சொல்லியிருந்தார். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, தேங்காய்ச் சட்னி முதல் பாயசம் வரை வழித்துச் சாப்பிட்டேன். "இப்ப பாருங்க. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நானே ஸ்டேஷனுக்கு வர்றேன்" என்றேன்.

நான் பாயசத்தை நக்குவதைப் பார்த்த ஐந்து வயதுப் பெண், "எங்களோடது இவ்ளோ நல்லா இல்லியே, புளிச்சுதே" என்று கட்டிலுக்கு அடியில் கை காட்டினாள். அங்கிருந்து ஒரு சொம்பை அவள் அப்பா இழுத்தார். பிள்ளைகள் நேற்று மத்தியானம் ஒளித்து வைத்த பால் பாயசம். காலையில் எழுந்ததும் நாலு பேரும் பங்கு போட்டிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் அது நுரைத்துப் போயிருந்தது.

அம்மாக்காரி தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "ஆடி முடிஞ்சதும் கிரகப்பிரவேசம்க்கா, நீங்கதான் வரணும். டப்பா மட்டும் ரெண்டா எடுத்து வைங்க, ஒண்ணு எங்க பக்கத்துச் சாட்சி!"

ஊருக்கெல்லாம் சூடாகப் பரிமாறிய நான், அந்த ஒரு நாள் தவிர, என் சமையலைச் சாப்பிட்டதெல்லாம் மறுநாள், ஆறிப்போய், நான் குற்றவாளி இல்லை என்று தெரிந்த பிறகுதான்.