பதினொரு கிலோ நானூறு

“மிஷினு பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா?”

“காலையில ரெண்டு இட்லி, ராத்திரி கம்மங்கூழு. மூணு மாசமா இம்புட்டுத்தான் என் வயித்துக்கு. இதுக்கு மேல எதைக் குறைக்கச் சொல்றீக?”

பக்கத்து வீட்டுக் காளீஸ்வரனும் அவன் மனைவி தங்கச்செல்வியும். அருப்புக்கோட்டையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். காதை வைத்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை; வைத்தேன் என்பது வேறு விஷயம். அதனால்தான் சொல்கிறேன், இது யாரோ சொல்லிக் கேட்டதில்லை. நான் பார்த்தது. போன சித்திரையில், வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில்.

கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. எடை எழுபதுக்குக் கீழே இறங்கினால்தான் கரு உண்டாக ஊசி போடுவேன் என்று மதுரை டாக்டரம்மா சொல்லியிருந்தார். திங்கட்கிழமை போக வேண்டும். இறங்காவிட்டால் இதோடு சரி என்று காளீஸ்வரன் சொல்லிவிட்டான். அவன் அம்மா திருச்சுழிப் பக்கம் வேறு பெண் பார்ப்பது தெருவுக்கே தெரியும். தெருவுக்குச் சொன்னது நான்தான்.

வீட்டில் வாங்கி வைத்த டிஜிட்டல் எடை மிஷினோ 81.2 காட்டியது.

அவன் தறிக்குப் போனதும் நான் உள்ளே போனேன். ரிப்பேர் பார்க்க என்று சொல்லிக்கொண்டேன். பேட்டரி மாற்றினோம். அடியில் இருக்கும் நான்கு கால்களையும் துடைத்தோம். மேடுபள்ளம் இல்லாத தரையில் வைத்து, ஒரு மிதி மிதித்துவிட்டு, சைபர் வரும்வரை காத்திருந்தோம். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை வைத்தால் 25.0. நான் ஏறினால் 61.3. அதுவும் சரிதான், மறைக்க என்ன இருக்கிறது.

தங்கச்செல்வி ஏறினாள். 81.2.

மிஷினை என் வீட்டுக்குத் தூக்கிப் போனோம். அங்கே ஏறினாள். 69.8.

நம்பாமல் இறங்கி, மறுபடியும் ஏறினாள். அதே எண்.

“அப்ப உங்க வீட்டுத் தரைதான் கோளாறு” என்றேன், பெரிய மெக்கானிக் மாதிரி. வேறு மூலையில் வைத்துப் பார்க்கலாம் என்று திரும்பவும் அவள் வீட்டுக்கே போனோம்.

மணி 2.10. கரண்ட் போனது. தெரு முழுக்கத் தறிச் சத்தம் ஒரே நேரத்தில் நின்றது.

மிஷின் அடுப்படி ஓரத்தில். தங்கச்செல்வி அதன் பக்கத்தில். நான் வாசற்படியில். பாவம், இவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று, பால்வாடியில் பிள்ளைகளை எடை போடக் கூப்பிடுகிற ராகத்தில் கூப்பிட்டேன்.

“அடுத்து யாரு? அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு ஏறு.”

டக்.

மிஷினில் வெளிச்சம் வந்தது. மேலே யாரும் இல்லை.

4.7... 9.2... 11.4.

எண் நின்றது.

“அக்கா... கையை விடுங்க. சில்லுனு இருக்கு” என்றாள் தங்கச்செல்வி, மிஷினைப் பார்த்தபடியே.

நான் வாசற்படியில்தான் நின்றேன்.

2.13. கரண்ட் வந்தது. தறிகள் ஓடின. எண் அணைந்தது.

திங்கட்கிழமை மதுரை ஆஸ்பத்திரி மிஷினில் ஏறினாள். 81.2. ஊசி இல்லை. காளீஸ்வரன் அவளை அங்கேயே விட்டுவிட்டு முன்னால் போன பஸ்ஸில் ஏறி வந்துவிட்டான். என் வீட்டில் 69.8 காட்டியதை நான் சாட்சி சொன்னேன். என் வாயை யார் நம்புவார்கள்?

ஒரு மாதம் கழித்து, சந்தையில் ஹெப்சிபா டீச்சரைப் பார்த்தேன். நான் இந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்னால், காளீஸ்வரன் இருக்கும் அந்த வீட்டில்தான் அவர் பால்வாடி நடத்தினாராம். எனக்கே தெரியாமல் தெருவில் ஒரு விஷயம்! தாயில்லாத ஒரு பெண் குழந்தை இருந்ததாம். எடை போடும் நாளில், பக்கத்தில் நிற்கும் யாராவது ஒரு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டால்தான் மிஷினில் ஏறுமாம். ஒரு மாதம் எடை போட வரவில்லை. காய்ச்சல். மூன்றே நாளில் போய்விட்டதாம்.

“கடைசியா நான் எழுதுனது பதினொரு கிலோ நானூறு” என்றார் டீச்சர். “இன்னும் மறக்கல.”

இதை நான் தங்கச்செல்வியிடம் சொல்லவில்லை. எதையும் சொல்லாமல் அடக்கியது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசி இரண்டு பேரையும் அத்துவிட்டார்கள். ஆவணியில் காளீஸ்வரனுக்குத் திருச்சுழிப் பெண்ணோடு கல்யாணம். தங்கச்செல்வி பாலவனத்தத்துக்குக் குடிபோய், அங்கிருந்து விருதுநகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்வருகிறாள். அந்த வீட்டிலிருந்து அவள் கேட்டு வாங்கிப் போன பொருள் அந்த மிஷின் மட்டும்தான்.

தை மாதம் பார்க்கப் போனேன். முகம் தெளிந்திருந்தாள். மிஷினை நடு அறையில் வைத்திருந்தாள். அதன் பக்கத்தில் நின்று, ஒரு கையை மட்டும் கீழே தாழ்த்தினாள்.

டக்.

12.6.

“இன்னும் ரிப்பேர் பண்ணலையா?” என்றேன்.

“எதுக்குக்கா? இப்பத்தான் நல்லா சாப்பிடுறா.”

பெண் குழந்தை என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை.