நடந்துகொண்டே கேட்க வேண்டிய கேள்வி

அவள் ஓரிடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. காலில் சக்கரம் கட்டியவள் என்று வீட்டில் திட்டித் திட்டியே பெயர் சக்கரம் ஆகிவிட்டது. அவளுக்கு இருபது வயதானபோது ஒரு சுகாதார ஆய்வு அலுவலகம் அவளைச் சம்பளம் கொடுத்து ஆலோசகராக வைத்துக்கொண்டது. அவளுடைய குடியிருப்புப் பெண்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று அங்கேயே வளர்ந்தவள் சொல்லட்டுமே என்ற யோசனை.

முதல் கூட்டத்திலேயே நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

"கொஞ்சம் உக்காரும்மா, தலை சுத்துது," என்றார் ஆய்வை நடத்திய டாக்டர்.

"உங்க கேள்வித்தாளப் பாத்தா எனக்குந்தான் சார் சுத்துது. 'ராத்திரி தூக்கம் வருதா'ன்னு வீட்டுக்குள்ள வச்சுக் கேக்குறீங்க. இருக்கறது ஒத்த ரூம். புருஷனும் மாமியாரும் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா எவ வாயத் தெறப்பா? வெளிய கூட்டிட்டுப் போய் நடந்துக்கிட்டே கேளுங்க."

"நடந்துக்கிட்டே எப்படிம்மா எழுதறது?"

"எழுதறதுக்காகவா கேக்குறீங்க?" என்றாள் வெடுக்கென்று.

சொன்னதைச் செய்து காட்ட, மறுநாள் அடுத்த தெருவில் குடியிருந்த தன் அக்காவைக் கடைக்குக் கிளப்பினாள். போன மாதம் வீட்டுக்குள் வைத்துக் கேட்ட இதே கேள்விக்கு, "நல்லாத் தூங்கறேன்" என்று பதில் எழுத வைத்தவள் அந்த அக்கா. இப்போது மறுபடி கேட்டதும் பத்து வீடு தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள். தெரு திரும்பிய பிறகு, "அஞ்சு மாசமாத் தூங்கலடி," என்றாள்.

சக்கரத்தின் கால் அப்படியே நின்றுவிட்டது.

அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "நிக்காதடி, நட. நின்னா என்னால சொல்ல முடியாது."