பக்கவாத்தியம் ஐந்து பேர்

என் கோப்பில் உள்ள அந்தக் கடிதம் அரைப் பக்கம்தான். ஆண்டு 1951 என்பது தெளிவாகத் தெரிகிறது. நாளும் மாதமும் இருந்த மூலையை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. மதராசில் இருந்த ஓர் இசைத்தட்டுக் கம்பெனி என் கேள்விக்கு எழுதிய பதில் அது. ஒரு குறிப்பிட்ட தட்டின் எண்ணைக் கொடுத்து, அதில் வயலின் வாசித்தவர் யார் என்று கேட்டிருந்தேன். பாடகியின் ஒப்பந்தம் தங்களிடம் இருப்பதாகவும், பக்கவாத்தியக்காரர்களை அன்றன்றைக்கு அழைத்து வேலை வாங்கியதால் அவர்கள் பெயர்களை எழுதி வைக்கும் வழக்கம் இருந்ததில்லை என்றும் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார்கள்.

அதோடு சேர்த்து வைத்திருக்கும் இன்னொரு தாள் என் கையெழுத்தில் உள்ளது. தேயிலைப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களைத் தைத்து அப்போது ஒரு குறிப்பேடு செய்திருந்தேன். அதில் ஒரு வரி: "2603, நான்காம் மாதம், தானா ராத்தா. பக்கவாத்தியம் ஐந்து பேர்." ஜப்பான் கணக்குப்படி போட்ட ஆண்டு. அறுநூற்று அறுபதைக் கழித்தால் 1943. அந்த வயலின்காரர் இல்லாவிட்டால் இந்தக் கணக்கைப் போட நான் இருந்திருக்க மாட்டேன். அவருக்கு நான் எந்த வகையிலும் நன்றி செலுத்தியதில்லை. ஆகவே நினைவில் இருப்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பாக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் ஓட்டினேன். வெள்ளைக்காரத் துரை போய், ஜப்பான் துரை வந்திருந்தார். பாதித் தேயிலை காடாகிக் கொண்டிருந்தது. மீதி இடத்தில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டிருந்தோம். தோட்டத்துக் கணக்கு பார்க்கும் பெரிய கிராணியாரிடம் ஒரு கிராமபோன் பெட்டியும் பதினேழு தட்டுகளும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கொழுந்து வாட்டும் மாடிக்கு அதைக் கொண்டுவர அனுமதிப்பார். சாவி கொடுப்பது என் வேலை. ஊசி தீர்ந்து போனதால் மூங்கிலைச் சீவி ஊசியாக்கினோம். ஒரு சீவலுக்கு இரண்டு பாட்டு தாங்கும். தட்டின் எண், பாடியவர், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் லேபிள் ஏட்டில் எழுதி வைப்பேன். யாரும் சொல்லிச் செய்ததல்ல. எனக்கு அப்படி ஒரு குணம்.

பதினேழில் எல்லாரும் கேட்டு வாங்கும் தட்டு ஒன்று உண்டு. ஒரு பெண் பாடியது. லேபிளில் அவர் பெயர் பொன் எழுத்தில் இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் 'பக்கவாத்தியத்துடன்' என்று ஒரே சொல். அந்தத் தட்டை எடுத்தாலே தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள் ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவார். நாற்பது வயது இருக்கும். தனியாள். யுத்தம் தொடங்கியபோது ஈப்போ பக்கம் எங்கோ சிக்கிக்கொண்டு, அரிசிக்காக மலை ஏறியவர். காய்ச்சலில் இறந்துபோன ஒருவரின் பெயரில்தான் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. ஆகவே நாங்கள் கூப்பிட்ட பெயர்கூட அவருடையது அல்ல.

என் லயத்து வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த கொழுந்துக்கார அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது.

"இந்த அண்ணனப் பாரு. அந்தம்மா வாயத் தொறந்தா போதும், காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்துனாப்புல ஓடுறாரு. கட்டிக்கிட்டு விட்டுட்டு வந்துட்டீங்களாண்ணே?"

"அந்தம்மா ஏம்மா என்னைக் கட்டிக்குது?" என்றார் அவர். திரும்பியே பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

ஒரு ஞாயிறு சாவியை நான் சரியாக முறுக்கவில்லை. பாட்டு பாதியில் இழுத்தது. எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கீழே குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே கத்தினார்.

"தம்பி! அஞ்சரைக் கட்டையில பாடுற பொம்பளைய அஞ்சுக்கு எறக்கிட்டியே! சாவியக் கொடுய்யா, பாவம்லா!"

அன்று மாலை அவரைத் தேடிப் போனேன். முதலில் மழுப்பினார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இழுத்துப் பிரித்தார். உள்ளே வயலின். மலை ஈரத்தில் பசை விட்டு, மேல்பலகை வாய் பிளந்திருந்தது. கம்பிகள் துருப்பிடித்து அறுந்து கிடந்தன. ஒரு நாடகக் கம்பெனியோடு மலாயாவுக்கு வருவதற்கு முன்னால் மதராசில் தட்டுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். காலையில் போனால் சாயங்காலம் வரைக்கும் யார் யாரோ வந்து பாடுவார்கள், இவர் எல்லாருக்கும் வாசிப்பார். எத்தனை தட்டு என்பது அவருக்கே தெரியாது.

"அப்புறம் ஏண்ணே அந்தப் பாட்டப் போட்டா ஓடுறீங்க?"

"கடைசியில ஒரு சுரம் பிசகி விழும் தம்பி. எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்தத் தப்பக் கேக்கணுமா நானு?"

இதை எனக்கு அடுத்த வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன். சொன்னது நல்லதாகப் போயிற்று.

சில வாரம் கழித்து, காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பெரிய கிராணியார் பத்துப் பேரின் பெயரை வாசித்தார். சயாம் ரயில் வேலைக்கு. மூன்று மாதம், நல்ல சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள் என்றார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. எங்களுக்கு முன்னால் போன லாரியிலிருந்து ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. தனியாட்களை முதலில் எடுத்திருந்தார்கள். முதல் பெயர் வயலின்காரருடையது, அதாவது இறந்தவருடையது. நான்காவது என்னுடையது. பத்து நிரம்பாததால் இரண்டு குடும்பக்காரர்களையும் சேர்த்திருந்தார்கள். அதில் ஒருவர் அந்த அக்காவின் கணவர். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம்.

அக்கா அழவில்லை. சாயங்காலம் என் வாசலில் வந்து நின்று ஏசினாள்.

"ஏட்டுல எழுதுறியே, அந்த வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன? சக்கரவர்த்தி பொறந்த நாளைக்கு ஆட்டம் பாட்டு வேணும்னு ஜப்பான் தொரை கிராணியாரப் போட்டு அரிக்கிறான். இங்க ரெக்கார்டுல வாசிச்ச ஆளு கவ்வாத்துக் கத்திய வச்சிக்கிட்டு நிக்கிறாரு. போய்ச் சொல்லுடா தம்பி. ஒரு உசிராவது மிஞ்சட்டும்."

கிராணியாரிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் காலை பத்துப் பேரையும் உடம்பு பார்ப்பதற்காகப் பங்களாவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் படிக்குக் கீழே நின்றோம். மேலே வராந்தாவில் கிராமபோன் பெட்டி இருந்தது. வயலின்காரரை மட்டும் மேலே கூப்பிட்டார்கள். ஜப்பான் துரை தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கிராணியார் உடைந்த ஜப்பான் மொழியும் மலாயும் கலந்து இரண்டு பக்கமும் பேசினார்.

"இந்தா லேபிளு. பாடுன அம்மா பேரு இருக்கு. ஒம் பேரு எங்கய்யா?"

"போட மாட்டாங்கய்யா."

"ஏன் போட மாட்டாங்க?"

"கேட்டதில்லீங்க."

"அப்ப வாசிச்சுக் காட்டு."

அவர் வாய் பிளந்த வயலினைச் சாக்கிலிருந்து எடுத்துக் காட்டினார். துரை சிரித்துவிட்டார். அது நல்ல சிரிப்பு அல்ல. தட்டைக் கீழே வைத்து, உடம்பு பார்க்கும் டிரெசரைக் கூப்பிடச் சொல்லிக் கையசைத்தார். அப்போதுதான் வயலின்காரர் அவசரமாகப் பேசினார். அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஐயா, அந்தம்மா மூணாவது சரணத்த மறந்திருச்சு. மெழுகுல எழுதிக்கிட்டிருக்கு, நிறுத்த முடியாது, நிறுத்துனா மெழுகு வீணு. நான் முந்தின அடிய இன்னொரு தரம் வாசிச்சு மூடுனேன். மிருதங்கம் தெரியாம முடிக்கப் போயிட்டாரு. அவர நிறுத்துறதுக்குக் காலால தரையில ஒரு ஒதை விட்டேன். அது தட்டுல இருக்கு. வயலின் தனியா போற எடத்துல ஒரே ஒரு சத்தம். கேட்டுப் பாருங்க."

"அது கீறல்யா. எல்லாருக்கும் தெரியும்" என்றார் கிராணியார்.

எனக்கும் அப்படித்தான் தெரியும். என் ஏட்டிலேயே அந்த இடத்தைக் கீறல் என்று குறித்திருந்தேன். ஆனால் கீழே நின்றபடி யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. தட்டு நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று சுற்றுகிறது. கீறலாக இருந்தால் ஊசி அந்த இடத்துக்கு வரும் ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் வர வேண்டும். ட்டக், ட்டக், ட்டக் என்று நாலைந்து தடவையாவது. இது ஒரே தடவைதான் வருகிறது. அதைக் கிராணியாரிடம் கத்திச் சொன்னேன். அவர் துரைக்கு விரலால் காற்றில் வட்டம் போட்டு விளக்கினார்.

துரைக்கு அது பிடித்துவிட்டது. அவரே சாவி கொடுத்தார். நல்ல இரும்பு ஊசி ஒன்றைத் தன் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டார். மூன்றாவது சரணம் வரும் இடத்தில் பாடகி வரவில்லை. வயலின் மட்டும் வந்தது. துரை காதைப் பெட்டியோடு ஒட்டினார். தொப். ஒரு தடவை. கனமான, மரத்தரையில் குதிகால் விழும் சத்தம். இரண்டு வருஷமாக நாங்கள் கேட்டும் கேட்காத சத்தம்.

துரை முதுகை நிமிர்த்தி, வயலின்காரரின் காலைப் பார்த்தார். பிறகு லேபிளைப் பார்த்தார். பிறகு மலாயில் நேராக அவரிடமே கேட்டார்.

"பெராப்பா ஓராங்?" எத்தனை ஆள் என்று.

ஒருவர் என்று சொல்லியிருக்கலாம். அவர் உயிர் அந்த நொடியில் தப்பிவிட்டது. மேலே ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டியதில்லை. லேபிளில் எண்ணிக்கை இல்லை, பெயரும் இல்லை. அவர் கையை விரித்து ஐந்து விரலையும் காட்டினார்.

"லீமா, துவான். வயலின் மட்டும் வச்சிக்கிட்டு பாட்டு நிக்காதுங்க. மிருதங்கம் வேணும், ஆர்மோனியம் வேணும், சுருதிப் பெட்டி, ஜால்ரா. எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

படியிறங்கி வந்து எங்களைத் தொட்டார். அக்காவின் கணவர் மிருதங்கம். கோயில் மேளத்தை வெயிலில் காயவைத்ததைத் தவிர அவருக்கு அதில் பழக்கம் இல்லை. தச்சு வேலைக்காரர் சுருதிப் பெட்டி. தோட்டத்துத் தேவாலயத்தில் ஆர்மோனியத்தைத் துடைத்து வைக்கும் பையன் ஆர்மோனியம். நான் ஜால்ரா. கிராணியாருக்கு எங்கள் நால்வரையும் தெரியும். நான் எதை ஓட்டுகிறவன் என்பது அவருக்குத் தெரியாதா? ஒரு கணம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, "ஆமா, இவனுங்கதான்" என்பதுபோல் துரையிடம் மொழிபெயர்த்தார். அவருக்கும் என் நன்றி உரியது.

பிறந்த நாள் ஏப்ரல் 29. எங்களுக்குக் கிடைத்தது மூன்று வாரம் சொச்சம். தச்சர் மரவள்ளி மாவில் பசை காய்ச்சி வயலினை ஒட்டினார். சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்துத் தந்தி போட்டோம். கொழுந்து வாட்டும் மாடியில் பயிற்சி. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து கேலி செய்வாள்.

"ஏங்க, அது தோலு. மண்ணக் கொத்துறாப்புல கொத்தாதீங்க. சக்கரவர்த்திக்குக் கேட்டுச்சுன்னா பொறந்ததுக்கே வருத்தப்படுவாரு."

வயலின்காரர் எங்களைத் திட்டியதே இல்லை. சொல்லிக் கொடுத்ததும் குறைவு. "தப்பு வந்தா நிறுத்தாதீங்க. முகத்த மாத்தாதீங்க. நான் மூடிக்கிறேன்" என்பார். அது ஒன்றுதான் பாடம். மலை நகரமான தானா ராத்தாவில் ஜப்பான் கொடிகளுக்கு நடுவே வாசித்தபோது நான் இரண்டு இடத்தில் தாளம் தவறினேன், ஆர்மோனியம் ஒரு முழு வரியை விட்டது. ஒவ்வொரு முறையும் வயலின் எங்கள் மேல் போர்வையைப் போல் வந்து விழுந்தது. முன் வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். விரலில் கவ்வாத்துக் கத்தியின் காய்ப்போடு, பிரேக் கம்பியில், ஒரு வருஷத்துக்கு மேல் வாசிக்காத மனிதர் வாசித்தது அது.

அதன் பிறகு ஜப்பான் சரணடையும் வரை எங்களை 'பாட்டு ஆளுங்க' என்று தனியாகவே வைத்திருந்தார்கள். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன்.

எங்கள் நால்வரை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று ஒருநாள் கேட்டேன். எங்களிடம் ஏதாவது கண்டிருப்பார் என்று எனக்கு ஓர் ஆசை.

"படிக்குப் பக்கத்துல நின்னீங்க" என்றார். பிறகு, "அஞ்சுக்கு மேல சொன்னா நம்ப மாட்டான்னு பயந்துட்டேன் தம்பி. ஏழுன்னு சொல்லியிருக்கலாமோ?" என்றார். அதை அவர் வேறு சமயங்களிலும் கேட்டிருக்கிறார். யுத்தம் முடிந்ததும் பினாங்குக்குப் போய்க் கப்பல் பார்க்கிறேன் என்று கிளம்பினார். தன் சொந்தப் பெயரை அவர் சொல்லவில்லை, போகிற அவசரத்தில் நானும் கேட்கவில்லை.

எங்கள் பத்துப் பேரில் மீதி ஐந்து பேர் லாரியில் ஏறினார்கள். ஒருவர் மட்டும் திரும்பினார். உத்தரவு பத்துப் பேருக்கு. அந்த ஐந்து இடம் வெறுமனே போயிருக்குமா என்று பின்னாளில் விசாரித்தேன். லாரி மலைப்பாதையில் ரிங்லெட் ஊருக்குக் கீழே சாலையோரம் நின்று, வேறொரு தோட்டத்து ஆட்கள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டதாக அங்கே ஒருவர் சொன்னார். திரும்பி வந்தவரோ, லாரி எங்கும் நிற்கவில்லை, நேராக மலையடிவாரத்துத் தாப்பாவில்தான் நின்றது என்றார். இருவருமே அந்த நாளைக் கண்ணால் கண்டவர்கள். தோட்டத்துப் பதிவேடு எதிலும் அந்த லாரியைப் பற்றிய குறிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்குப் பதிலாக யாராவது போனார்களா என்பதை இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.