விமானத்தின் வயிற்றுப் பக்கம்

1. உரப் பையில் வந்த விமானம்

யோகராசா தன் விமானத்தை ஓர் உரப் பையில் கட்டிக்கொண்டுதான் முதன்முதல் என் கடைக்கு வந்தான். கிளிநொச்சியில் நான் ரேடியோ, ரிவி திருத்தும் கடை வைத்திருந்த காலம். மேசையில் பையைக் கொட்டினான். முறிந்த பலகை, வளைந்த கம்பி, சேறு அப்பிய பெற்றோல் எஞ்சின், நடுவே ஒரு சிறிய ரிசீவர்.

"என்னடா இது?" என்றேன்.

"பிளேன் அக்கா. முள்ளியவளையில விழுந்திட்டுது."

கனகராயன்குளத்தில் தச்சு வேலை செய்கிறவன். இறக்கை மட்டும் ஓர் ஆளின் உயரத்தைவிட நீளமான விமானத்தைத் தன் கையால் செய்து, ரிமோட்டும் ரிசீவரும் வாங்கி, இணையத்தில் வீடியோ பார்த்துத் தானே பூட்டியிருக்கிறான். மேலே ஏறி இரண்டாம் வட்டத்தில் ரிமோட்டுக்கு அடங்காமல் நேரே போய் வயலில் குத்திவிட்டது. பார்த்துக்கொண்டு நின்ற சனம் பலகை சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. தச்சனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விமானம் விழுந்ததைவிட அந்தப் பேச்சுத்தான் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

நான் மீற்றரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரிசீவர் உயிரோடுதான் இருந்தது. பற்றறியும் நல்லது. பற்றறிக்கும் ரிசீவருக்கும் நடுவில் இருந்த ஒரேயொரு பிளக் எஞ்சினின் அதிர்வில் கழன்றிருந்தது. அவ்வளவுதான்.

"உன்ர பலகை விழுந்த பிறகுதான் முறிஞ்சது. முதல்ல போனது இந்தப் பிளக். போய்ச் சொல்லு எல்லாருக்கும்."

அவன் அந்தப் பிளக்கைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தான். பிறகு, "அடுத்ததுக்கு நீங்க ரேடியோ பூட்டித் தருவீங்களா அக்கா?" என்றான். கோபமோ துக்கமோ வந்தால் அவனுக்கு மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும். சின்னப் பிள்ளையாகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்னம்மாவோடு வன்னிக்கு வந்தவன்.

எனக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நின்றுவிடக் கூடாத ரேடியோவைப் பற்றித் தெரியும். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். செய்தி நேரத்தில் ஒரு கம்பி விட்டுப்போனால் பத்து வீட்டுச் சனமும் திருத்தினவளைத்தான் ஏசும். ஆகவே ஈயம் வைத்த ஒவ்வோர் இணைப்பையும் இழுத்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். அந்த நாட்களில் கடையில் எப்போதும் ஈயப்புகை மணக்கும், எப்போதும் யாராவது கதிரையில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். இப்போது எல்லோருக்கும் கைத்தொலைபேசி. பழுதானால் எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். அந்த மணம் எனக்கு இன்றும் வேண்டியிருக்கிறது.

"சரி, செய் பாப்பம்" என்றேன்.

2. எல்லாம் இரண்டு

இரண்டாவது விமானம் முதலாவதைவிடப் பெரிது. உடல் மட்டும் நாலு பேர் இருக்கிற வாங்கில் அளவு. இந்தத் தொழிலுக்கு வரும் இளம் ஆட்கள் கேட்பதால், அதில் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய விமானத்தில் ஒற்றையாய் எதுவும் இருக்கக் கூடாது. பற்றறி இரண்டு, சுவிச் இரண்டு, ரிசீவர் இரண்டு. ஒரு ரிசீவர் முன்னுக்கு, மற்றது பின்னுக்கு. ஒரு ரிசீவருக்கு இரண்டு அன்ரனா என்றால் ஒன்று நிமிர்ந்தும் மற்றது படுத்தும் இருக்க வேண்டும். ரிசீவரைப் பஞ்சு மெத்தையில் சுற்றித்தான் வைக்க வேண்டும், எஞ்சின் அதிர்வு அதற்குப் போகக் கூடாது. பிளக் ஒவ்வொன்றையும் நூலால் கட்ட வேண்டும். யோகராசா முதலில் சிரித்தான், பூமாலை கட்டவைக்கிறேனாம். கட்டு என்றேன், கட்டினான். வாலையும் இறக்கையையும் அசைக்கிற சேர்வோ மோட்டார்களில் மலிவுச் சாமான் வேண்டாம் என்று சண்டை பிடித்தே வாங்கவைத்தேன். சிக்னல் போனால் எஞ்சின் தானாக அடங்கும்படியும் ரிமோட்டில் செய்துவைத்தேன்.

சூட்டைப் பற்றியும் ஏசியிருக்கிறேன். எஞ்சினின் சைலன்சர் குழாய் விமானத்தின் வயிற்றுக்குக் கீழாக ஓடும்படி செய்திருந்தான். "மேல இருக்கிறது என்ர ரிசீவர். சூடு பட்டால் அது செத்துப்போகும், விளங்குதோ?" என்று வந்த நேரமெல்லாம் சொன்னேன். என் வாய் அப்படி. அவன் ஓம், ஓம் என்று தலையை ஆட்டிக்கொண்டு பலகையைச் சீவிக்கொண்டிருப்பான்.

3. அண்ணன் வந்த காலை

பறக்கவிடும் நாள் வந்தது. கனகராயன்குளத்தில் ஏ9 வீதிக்குச் சற்று உள்ளே ஒரு வெளி. அனுமதி அந்த ஒரு நாளுக்குத்தான் கிடைத்திருந்தது. அதற்கு முதல் நாள் நாங்கள் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னோம், நாளைக்கு மேலே ஓர் எஞ்சின் சத்தம் கேட்கும், அது யோகராசா செய்த விளையாட்டு விமானம் என்று. தலைக்கு மேலே அப்படிச் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் நிமிர்ந்து பார்க்க முதலே பிள்ளையைத் தூக்குவார்கள். வீடு வீடாகச் சொல்லாமல் நான் சுவிச்சைத் தொடவே மாட்டேன்.

அன்று காலை யோகராசாவின் அண்ணன் இராமசாமி வந்து இறங்கினார். தோட்டத்தில் வேலை செய்கிறவர். தம்பி படிக்கட்டும் என்று தான் பள்ளிக்கூடத்தை விட்டவர். முதலாவது விமானம் விழுந்த கதையைத் தம்பி தொலைபேசியில் அழுது சொல்லியிருக்கிறான். இந்த முறை நேரே வந்து பாருங்கள் என்று கெஞ்சிக் கூப்பிட்டிருக்கிறான். இரவெல்லாம் பஸ்ஸில் வந்த மனிசன், கையில் ஒரு பொதி தேயிலை. எனக்கும் ஒரு பிடி தந்தார்.

"தம்பி ஒங்களப் பத்திதான் எந்நேரமும் பேசுவான்ம்மா" என்றார்.

யோகராசாவின் முகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விமானத்தைத் துடைக்கிறான், அண்ணனைப் பார்க்கிறான், திரும்பவும் துடைக்கிறான். சந்தனம், குங்குமம் வைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. புது உழவு இயந்திரத்துக்குச் செய்வதுபோலத்தான் எல்லாம்.

நான் ரேஞ்ச் பார்க்கத் தொடங்கினேன். ரிமோட்டின் சக்தியைக் குறைத்துவைத்துத் தூரமாய் நடந்துபோய், அங்கிருந்து வாலையும் இறக்கையையும் ஆட்டிப் பார்ப்பது. குறைந்த சக்தியில் இவ்வளவு தூரம் கேட்டால், முழுச் சக்தியில் வானத்தில் எங்கே போனாலும் கேட்கும். நிலத்தில் நிற்க வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. வால் அசைகிறது, இறக்கை அசைகிறது. இராமசாமி அண்ணை கைதட்டினார்.

ஆனால் விமானம் பறக்கும்போது எங்களுக்குத் தன் முதுகைக் காட்டுவதில்லை, வயிற்றைத்தான் காட்டும். அதனால் யோகராசாவையும் மனைவி செல்வியையும் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் தூக்கிச் சரிச்சு வயித்தை எனக்குக் காட்டுங்கோ" என்றேன்.

சரித்தார்கள். வால் நின்றது. இறக்கையும் நின்றது. இரண்டு ரிசீவருக்கும் ஒரேயடியாக ரிமோட் கேட்காமல் போய்விட்டது.

திரும்ப நிமிர்த்தினால் வேலை செய்கிறது. சரித்தால் நிற்கிறது. ரிமோட்டின் பற்றறியை மாற்றினேன். இடத்தை மாற்றி நின்றேன். அதே கதைதான்.

"பழுது" என்றேன். "இண்டைக்கு இப்பிடியே ஏத்த ஏலாது."

யோகராசாவின் முகம் கறுத்தது. "நிலத்துல நல்லாத்தானே வேலை செய்யுது அக்கா. ஒரே ஒரு ரவுண்டு. அண்ணன் பாத்துட்டு போகட்டும்."

"ஏத்தினால் அந்த ஒரு ரவுண்டிலயே விழும்."

"அப்ப ஒங்க பெட்டியிலதான் கோளாறு. என் பிளேன்ல ஒண்ணும் இல்ல."

எனக்கும் கோபம் ஏறிவிட்டது. இரண்டு பற்றறியையும் கழற்றி என் கைப்பைக்குள் போட்டு, பையைத் தோளில் கொழுவிக்கொண்டேன்.

"ஒரு ரிசீவர் நிண்டால் அது என்ர பெட்டிப் பிழை. ரெண்டும் ஒண்டா நிண்டால் நடுவில ஏதோ மறைக்குது. வயித்துக்குள்ள என்ன வைச்சனீ? சொல்லு."

செல்விதான் சொன்னாள். "கூரைக்கு அடிச்ச வெள்ளித்தாள் அக்கா. மிச்சம் கிடந்தது."

வன்னியில் தகரக் கூரை வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், தகரத்துக்குக் கீழே அந்த வெள்ளித்தாளை அடித்தால்தான் மத்தியானம் வீட்டுக்குள் இருக்கலாம். யோகராசா தன் வீட்டுக்கு அடித்ததில் மிஞ்சியதை, விமானத்தின் அடிப்பலகைக்கும் உள்தட்டுக்கும் நடுவே, முன்னாலிருந்து வால்வரை விரித்து ஒட்டியிருக்கிறான். சைலன்சர் சூடு மேலே ஏறக் கூடாது என்று. என் ரிசீவர் சாகக் கூடாது என்று. சூடு ஏறாது, உண்மைதான். கீழேயிருந்து ரிமோட்டின் சிக்னலும் ஏறாது. அது உலோகத் தாள்.

"ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க சூடு, சூடுன்னு ஏசிக்கிட்டே இருந்தீங்க. நீங்க பாத்து நல்ல வேலைன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

4. அடிப்பலகையை வெட்டியது

தாளை எடுக்க வேண்டுமானால் அடிப்பலகையை வெட்டித் திறக்க வேண்டும். மாதக்கணக்காக இழைத்து, வர்ண மை பூசி, மினுக்கி எடுத்த பலகை. நான் வெட்டு என்று சொல்லவில்லை. இராமசாமி அண்ணைதான் தம்பியின் தோளில் கைவைத்து, "அந்தம்மா சொல்றத கேளு" என்றார். யோகராசா குந்தியிருந்து தானே கத்தியை இறக்கினான். பலகை கிழிந்த சத்தம் எனக்கே தாங்கவில்லை.

தாளைச் சுரண்டி எடுத்தோம். சூட்டுக்கு என்ன செய்வது என்று கதைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் காற்றுப் போக ஓட்டை வெட்டினோம். புதுப் பலகை ஒட்டினோம். பசை காய வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராய்ச் சாப்பிடப் போய்விட்டார்கள். நாங்கள் மூவரும் பசை, பழுது, ரிசீவர், விழும், விழாது என்று விடாமல் கதைத்துக்கொண்டிருந்தோம். இராமசாமி அண்ணை பாலை மரத்தின் கீழ் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னேரம் ஆனதும் அவர் எழும்பினார்.

"நான் கெளம்புறேன் தம்பி. வவுனியாவுல பஸ் மாறணும்."

"இன்னுங் கொஞ்ச நேரம்ண்ணே. பசை காஞ்சிரும்."

"இல்லப்பா. அங்க ஆள் இல்ல. போகணும்."

ஏ9 வீதியில் பஸ்ஸுக்கா பஞ்சம்? அடுத்ததில் போகலாமே என்று நானும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. யோகராசா வீதிவரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தான். வந்தவன் என்னைப் பார்க்கவே இல்லை. செய்தது சரி என்று தெரிந்தும் எனக்கு மனம் பாரமாய்த்தான் இருந்தது.

பசை காய்ந்தது. பற்றறிகளைப் பூட்டினேன். ரேஞ்ச் பார்த்தேன். தூக்கி, சரித்து, வயிற்றைக் காட்டி, மூக்கைக் காட்டி, வாலைக் காட்டி. ஓரிடத்திலும் நிற்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு இன்னொரு தரம் பார்த்தேன். பிறகு தலையை ஆட்டினேன்.

யோகராசா ஏற்றினான். வெயில் சரிந்த நேரம், விமானம் வெளியைச் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கள் தலைக்கு மேலால் போகும்போது அந்தப் புதுப் பலகை மட்டும் மை பூசாமல் வெள்ளையாய்த் தெரிந்தது. அயல் வீட்டுப் பிள்ளைகள் வேலியில் ஏறி நின்று கை காட்டினார்கள். அவன் பஞ்சில் வைப்பதுபோல இறக்கினான். செல்வி அழுதாள். அவன் அழவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு விமானத்தருகே குந்தியிருந்தான்.

இருட்டுப்படும்போது அவனுடைய தொலைபேசி அடித்தது. கையெல்லாம் எஞ்சின் எண்ணெய். செல்வி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். வவுனியா பஸ் நிலையத்து இரைச்சலுக்குள் இராமசாமி அண்ணையின் குரல்.

"தம்பி, விழுந்திருச்சா?"

"இல்லண்ணே. நல்லாப் பறந்துச்சு. எறக்கிட்டேன்."

"நெசமாவா?"

"நெசமாண்ணே."

"நான் இருந்து பாக்கணும்னுதான்டா வந்தேன். காலையில இருந்து பழுது, விழும்னே பேசிக்கிட்டு இருந்தீங்க. அது விழுந்து, நீ என் மூஞ்சியப் பாக்க முடியாம நிக்கிறத எனக்குப் பாக்கத் தெம்பு இல்ல. அதான் கெளம்பிட்டேன்."

அப்போதுதான் யோகராசா அழுதான். நானும்தான், மறைப்பானேன்.

ரேடியோ பூட்டும் எங்களுக்குப் பழுது என்றால், கண்டுபிடித்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று அர்த்தம். அந்த மனிசனுக்கு அது தம்பி தோற்கப்போகிறான் என்று கேட்டிருக்கிறது. இதை ஒரு புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இப்போதும் யோகராசாவின் விமானங்களுக்கு நான்தான் ரேஞ்ச் பார்க்கிறேன். விமானத்தைச் சரிக்க முதல், வந்து நிற்கிறவர்களைக் கிட்டக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்: "இப்ப வால் நிண்டாலும் நிக்கும். நிண்டால் பயப்பிடாதேங்கோ, போயிடாதேங்கோ. நிக்கிறதெண்டால் மேல போய் நிக்காமல் இஞ்சயே நிக்கட்டும் எண்டுதான் பாக்கிறம்."