வெர்னாவுக்கு எதிர்ப்பக்கம்

வெர்னா ஸ்ட்ரௌட் பணம் கட்டிய குதிரை ஒருமுறை பந்தயத்தின் நடுவில் நின்றுவிட்டது. விழவில்லை, நொண்டவில்லை. சும்மா நின்றது. நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தது. இன்னொரு முறை அவள் நம்பிய குத்துச்சண்டைக்காரன் எதிராளியை விட்டுவிட்டு நடுவரைக் குத்தி வெளியே அனுப்பப்பட்டான். இதற்கெல்லாம் யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். லாஸ் வேகஸில் தோற்கிறவர்களுக்கா பஞ்சம்? ஊரே அவர்கள் காசில் எழும்பியதுதான். ஆனால் தோற்பதற்கும் ஒரு கணக்கு வழக்கு வேண்டாமா? எப்போதாவது கை தவறியாவது ஜெயித்துத் தொலைக்க வேண்டாமா? வெர்னா அதுவும் செய்யமாட்டாள்.

புருஷன் விஷயத்திலும் அவளுக்கு அதே கைதான். இருபத்தோரு வயதில் டிரம் அடிக்கிற ஒருத்தனை நம்பி மான்டானாவிலிருந்து வந்தாள். அவன் காரையும் டிரம்மையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டு ஓடினான், இவளைத்தான் மறந்துவிட்டான். இரண்டாமவன் நல்லவன். எல்லாப் பெண்களுக்கும் நல்லவன், அதுதான் தொல்லை. மூன்றாமவன் தன்னை பிளம்பர் என்று சொல்லிக்கொண்டான். அவன் இருந்தவரை வீட்டுக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. இடையில் முப்பது வருஷம் இடுப்பில் காசுப் பட்டையைக் கட்டிக்கொண்டு சூதாட்ட இயந்திரங்களுக்கு நடுவே சில்லறை மாற்றிக் கொடுத்தாள். சில்லறைக்குப் பதில் நோட்டையே விழுங்கும் இயந்திரங்கள் வந்ததும் அந்த வேலையும் போயிற்று. இப்போது அறுபத்தெட்டு வயது, ஓய்வூதியம், தேய்ந்த முழங்கால், ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவுதான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளினாள். காலையில் டாக்சி ஓட்டுகிற ஹார்லன் வண்டியோடு வாசலில் வந்து ஹாரன் அடிப்பான். காப்பர் மியூல் காசினோவின் பந்தயக்கூடத்தில் பாஸ்டர் டெல்பர்ட், அமெரிக்கக் கால்பந்து ஓடும் பெரிய திரைக்கு நேரே அவளுக்காக நாற்காலி பிடித்து வைத்திருப்பார். டெல்பர்ட் திருமணக் கூடம் நடத்துகிறவர். கால் மணி நேரத்தில் கல்யாணம் செய்து வைப்பார், பிளாஸ்டிக் பூ இலவசம். வெர்னாவின் கடைசி இரண்டு கல்யாணமும் அவர் கைங்கர்யம்தான். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் நாற்காலி பிடிக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

ரூலெட் சூதாட்ட மேசைக்கு அவள் போனால் நாலு பேர் பந்தயச் சில்லுகளை வாரிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். இந்த ஊரில் ராசி கெட்டவர்களைத் தொழுநோயாளியைப் போலத்தான் நடத்துவார்கள். ஆனால் பந்தயக்கூடத்தில் இரண்டு ஆம்பளைகள் காப்பி வாங்கிக் கொடுத்து, முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் முன்னால் வைத்து, பவ்வியமாகக் கேட்பார்கள்.

"இன்னிக்கு யாரு ஜெயிப்பான்னு தோணுது அக்கா?"

வெர்னா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வாள். எந்த அணியில் யாருக்குத் தோள்பட்டை வலி, எவனுக்குப் பெண்டாட்டியோடு தகராறு, பனி பெய்தால் எவன் பந்தைக் கோட்டைவிடுவான் என்று விளக்கிவிட்டுக் கடைசியில் ஒரு பெயர் சொல்வாள். இருவரும் தலையாட்டுவார்கள். அவள் போய்ப் பந்தயச் சீட்டு வாங்கி வந்ததும் ஹார்லனுக்கு ஒன்றுக்கு வரும். டெல்பர்ட்டுக்கு யாருக்கோ போன் பண்ண வேண்டியிருக்கும். திரும்பி வரும்போது இருவர் சட்டைப் பையிலும் சீட்டு இருக்கும். ஆட்டம் முடிந்து அவள் அணி மண்ணைக் கவ்வியதும் மூவருமாகச் சேர்ந்து, "சே!" என்பார்கள்.

தன் பேச்சைக் கேட்டு இந்த அப்பாவிகளும் பணத்தை விட்டார்களே என்று அவளுக்கு மனசு கேட்காது. வாரா வாரம் புதன்கிழமை ஆப்பிள் கேக் சுட்டு இருவருக்கும் பாதிப் பாதி கொடுத்தனுப்புவாள். மன்னிப்புக் கேக். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பாவிகள் அதைக் கூசாமல் தின்றார்கள்.

குட்டு உடைந்ததற்குக் காரணம் யெசெனியா என்ற சின்னப் பெண். கவுண்ட்டரில் வழக்கமாக உட்காருகிற நெஸ்டர் முதுகுவலி என்று லீவு போட்டதால் இவளை உட்கார்த்தியிருந்தார்கள். சீட்டைக் கொடுக்கும்போது வெர்னாவின் கழுத்தில் தொங்கிய காசினோ அட்டையில் பெயரைப் பார்த்தவள் முகம் மலர்ந்தது.

"ஐயோ, அந்த வெர்னா நீங்கதானா? நெஸ்டர் அண்ணன் சொல்லிட்டுப் போனார். நீங்க எந்தப் பக்கம் போடறீங்களோ அதுக்கு எதிர்ப்பக்கம் ரெண்டு சீட்டு ரெடியா வைக்கணுமாம். அந்த டாக்சிக்காரருக்கு ஒண்ணு, பாஸ்டருக்கு ஒண்ணு. ரொம்ப நல்லா ஓடுதாமே?"

வெர்னாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. "ஆமாண்டி கண்ணு, நல்லாத்தான் ஓடுது" என்று எப்படியோ சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர்கள் ஜெயித்தது அவளைச் சுடவில்லை. இந்த ஊரில் ஜெயிக்கிறவனைக் குறை சொல்லக் கூடாது. தோள்பட்டை வலி, பனி, பெண்டாட்டி தகராறு என்று அவள் மூச்சுவிடாமல் விளக்கியபோது தலையாட்டினார்களே, அதுதான் சுட்டது. காப்பி, நாற்காலி, டாக்சி எல்லாம் அவளுக்கில்லை, அவளுடைய தரித்திரத்துக்கு. நாளைக்கே இந்த ராசி மாறிவிட்டால் வாசலில் ஹாரன் கேட்குமா? கேட்காது என்றுதான் தோன்றியது. கழிப்பறைக் காகிதத்தில் மூக்கைச் சிந்தி, மூன்று புருஷன்களுக்கும் சேர்த்து வைத்திருந்த வசவையெல்லாம் இந்த இரண்டு பேருக்கும் பங்கு வைத்தாள். பிறகு வெளியே வந்து ஒன்றும் நடக்காதவள் மாதிரி உட்கார்ந்து தோற்றாள்.

அந்தப் புதன்கிழமை கேக் சுடவில்லை. யோசித்தாள்.

அடுத்த ஞாயிறு டென்வருக்கும் சிகாகோவுக்கும் ஆட்டம். அவள் மனசு டென்வர் என்றது. அப்படியென்றால் டென்வர் தோற்கும். அதில் அவளுக்கே சந்தேகமில்லை. வாயால் டென்வர் என்று சொல்வது, கையால் சிகாகோவுக்குக் கட்டுவது. சிகாகோ ஜெயித்து அந்தத் தடியன்கள் இரண்டு பேரும் பல்லை இளிக்கும்போது, தன் சீட்டையும் எடுத்து மேசைமேல் அறைவது. 'வெர்னாவுக்கு எதிரா நானும் போட்டிருக்கேன்டா!' இந்த ஒரு வரியை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தாள். ஆயுசில் ஒருநாளாவது ஜெயிக்கிற பக்கம் உட்கார வேண்டும். அதுவும் அவர்களோடு சமமாக.

ஞாயிற்றுக்கிழமை காப்பியை உறிஞ்சிக்கொண்டே அவள் அளந்தது கொஞ்சநஞ்சமல்ல.

"டென்வர்தான். எழுதி வச்சுக்கோங்க. என் பென்ஷனைப் பூராவும் வைக்கப்போறேன். இப்படி ஒரு நிச்சயம் எனக்கு மூணு கல்யாணத்துலகூட வந்ததில்லை."

ஹார்லனின் கண் விரிந்தது. "பென்ஷன் பூராவுமா அக்கா?"

"பூராவும்டா!"

டெல்பர்ட் எச்சில் விழுங்கினார். "கர்த்தர் உன்னைக் காப்பாத்துவார் வெர்னாம்மா."

அவள் கூட்டமில்லாத கடைசி கவுண்ட்டருக்குப் போய் சிகாகோவுக்குக் கட்டிச் சீட்டைக் கைப்பைக்குள் மறைத்தாள். பென்ஷனாவது ஒன்றாவது, வழக்கமாகக் கட்டுகிற இருபது டாலர்தான். திரும்பி வந்ததும் ஹார்லனுக்கு ஒன்றுக்கு வந்தது. டெல்பர்ட்டுக்கு போன் வந்தது. வெர்னாவே இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாள் என்றால் எதிர்ப்பக்கம் மலை மாதிரி நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. ஹார்லன் டாக்சிக்கு கியர்பெட்டி மாற்ற வைத்திருந்ததை எடுத்துப் போட்டான். டெல்பர்ட் கல்யாணக் கூடத்தின் ஏ.சி.க்கு வைத்திருந்ததைப் போட்டார்.

ஆட்டம் தொடங்கி முக்கால்வாசி நேரம் சிகாகோதான் முன்னால் போயிற்று. இரண்டு ஆம்பளைகளும் சிரிப்பை அடக்கக் கஷ்டப்பட்டார்கள். வெர்னாவும் கஷ்டப்பட்டாள். கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கடைசி நிமிஷத்தில் சிகாகோக்காரன் ஒருவன், பனியும் இல்லை மழையும் இல்லை, வெறும் வெயிலில் பந்தைக் கை நழுவவிட்டான். டென்வர்க்காரன் அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடினான். ஓடினான், ஓடிக்கொண்டே இருந்தான். கோட்டைத் தாண்டியதும்தான் நின்றான்.

டென்வர் ஜெயித்துவிட்டது.

ஹார்லன் இழவு வீட்டுக் குரலில் சொன்னான். "அக்கா. நீ ஜெயிச்சுட்டே அக்கா."

"ஸ்தோத்திரம்" என்றார் டெல்பர்ட். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "பென்ஷன் பூராவும் வச்சியே. வாழ்த்துகள்."

வெர்னா ஜிப்பைத் திறந்து சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒத்திகை பார்த்த வரி வாயில் வரவேயில்லை. இருவரும் குனிந்து பார்த்தார்கள். சிகாகோ.

முதலில் விளங்கியது ஹார்லனுக்கு. "நீ எங்க பக்கமா இருந்தே?"

"ஆமாடா."

"அதான்! அதான் தோத்தோம்! பன்னெண்டு வருஷமா ஒழுங்கா இருந்தியே, இன்னிக்கு எதுக்கு எங்க பக்கம் வந்தே? என் கியர்பெட்டி போச்சே!"

"உன் கியர்பெட்டியில இடி விழ! என்னை வித்தே இத்தனை வருஷம் வயிறு வளர்த்தீங்களேடா. கேக்கு வேற முழுங்குனீங்க! நான் அழுதுட்டே சுட்ட கேக்குடா அது!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டெல்பர்ட் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தான் வெர்னாம்மா. கேக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் சொல்ல மனசு வரலை."

"மூடுய்யா வாயை. நீயெல்லாம் ஒரு பாஸ்டர்!"

அப்புறம் ஹார்லனின் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது. இரண்டு பேர் பையிலும் ஒரு டாலர் இல்லை. இத்தனை காலம் தோற்றவளுக்கு ஆறுதல் பரிசாகக் காசினோ அட்டையில் ஏற்றி வைத்திருந்த புள்ளிகள் ஏராளம் இருந்தன. பொறுப்பாகத் தோற்கிறவர்களுக்குக் காசினோ சோறு போடும். வெர்னா அந்த அட்டையை நீட்டி மூன்று தட்டு முட்டையும் இறைச்சியும் வரவழைத்தாள். அந்த மேசையில் மூன்று பேரும் ஒன்றாகத் தோற்றது அதுதான் முதல் தடவை. திட்டிக்கொண்டே தின்றார்கள். ஆட்டத்தை அலசினார்கள். அவள் சொன்னதற்கு முதல்முறையாக ஹார்லன் மறுத்துப் பேசினான். "உனக்கு ஒரு எழவும் தெரியலை அக்கா" என்றுகூடச் சொன்னான்.

வீட்டு வாசலில் இறங்கும்போது வெர்னா கேட்டேவிட்டாள். வாரம் பூராவும் மனசில் வைத்திருந்த கேள்வி அது.

"இனிமே நான் யாரு மேல போடறேன்னு சொல்லமாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி வருமாடா?"

ஹார்லன் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி பிடரியைச் சொறிந்தான். கியர் கரகரவென்று அலற, வண்டி போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெர்னா புறப்படவில்லை. ராத்திரி உடுப்போடு, தலையில் முடி சுருட்டும் குழல்களோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். வராத வண்டிக்கு உடுத்திக்கொண்டு உட்காருவதற்கு அவள் என்ன மறுபடியும் இருபத்தோரு வயசுக்காரியா? அப்போது கரகரவென்ற அந்தச் சத்தமும் பின்னாலேயே ஹாரனும் கேட்டன.

பின் சீட்டில் டெல்பர்ட் உட்கார்ந்திருந்தார். மடியில் அலுமினியத் தாள் மூடிய தட்டு. அதற்குள் கரிக்கட்டையாக ஓர் ஆப்பிள் கேக்.

"ரெண்டு பேருமாச் சுட்டோம். மேல சுரண்டிட்டுச் சாப்பிடலாம்" என்றார்.

வெர்னா அவரையும் கேக்கையும் மாறிமாறிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், ராத்திரி உடுப்புக்கு மேலேயே ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு, தட்டை வாங்கி மடியில் வைத்தபடி முன் சீட்டில் ஏறினாள்.

இரண்டு சிக்னல் வரை ஹார்லன் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது சிக்னலில் தாங்கவில்லை அவனுக்கு.

"சும்மா கேக்கறேன் அக்கா. இன்னிக்கு யாரு ஜெயிப்பான்னு..."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுடா நாயே" என்றாள் வெர்னா, கேக்கின் கரியைச் சுரண்டிக்கொண்டே.