சொல்லாமல் போய்ப் பார்த்த வண்டி

1. மாமாவின் எக்ஸ்கவேட்டரில் புகைக்குழாய் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அவர் அந்த வண்டிக் கம்பெனியில் நான் சர்வீஸ் வேலை பார்க்கும் கிளைக்குப் போன் செய்து, என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்று கேட்டார்.
2. போனேன். எல்லாவற்றையும் சோதித்துவிட்டு சென்சாரை மாற்றினேன். வண்டி நன்றாக ஓடியது. அத்தை கோழிக் குழம்பும் களியும் போட்டாள்.
3. சில வாரங்களில் அதே எச்சரிக்கை திரும்பவும் வந்தது. மறுபடி சென்சாரை மாற்றினேன். மறுபடி கோழி.
4. மூன்றாம் முறையும் விளக்கு எரிந்தது. மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டார்.
5. அந்த முறை நான் மாமாவுக்குப் போன் செய்யாமல் போனேன்.

வரிசையாக எழுதினால் இவ்வளவுதான். இரண்டாவதும் மூன்றாவதும் எப்படி நடந்தன என்பது ஐந்தாவதில்தான் எனக்குத் தெரிந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகிற வழியில் அவர் வீடு. பண்ணைக்குட்டை வெட்ட, வரப்பு எடுக்க, பாறை நகர்த்த என்று சுற்று வட்டாரத்தில் அவர் வண்டிக்கு எப்போதும் வேலை உண்டு. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுக்கிறேன் என்றபோது அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மாமாதான் வந்து, "புள்ள டீசல் இன்ஜின் கழட்டுனா என்னாங்க மச்சான், கையில மை ஒட்டுமா? சோப்பு போட்டா போயிடும்" என்றார். சேர்க்கை அன்று கூட வந்தவரும் அவர்தான். எங்கள் கிளையில் வெளியிடங்களுக்குத் தனியாகப் போய் வண்டி பார்க்கும் பெண் நான் ஒருத்திதான். அப்படி என்னை அனுப்பத் தொடங்கிய சில மாதங்களிலேயே மாமா என்னைக் கேட்டு வாங்கினார். அதில் எனக்கு இருந்த பெருமையை மறைக்கப் போவதில்லை.

இப்போது வரும் டீசல் இன்ஜின்களில் புகை அப்படியே வெளியே போகாது. போகிற வழியில் அதன் மேல் யூரியாக் கரைசல் ஒன்றைத் தெளிக்கும் மூக்கு இருக்கும். சுத்த நீரில் கலந்து கேனில் விற்கும் அந்தக் கரைசலை டெஃப் என்போம். அது நச்சு வாயுவைக் குறைத்துவிடும். தெளிப்பதற்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். வாயு குறையவில்லை என்று பின்சென்சார் சொன்னால், வண்டி தானே தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கெட் மண்ணில் இறங்கும், மேலே வராது.

அப்படிச் சொல்லும் சென்சாரை உடனே குற்றம் சாட்டக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சி. என் வரிசை இது: கனெக்டரில் ஈரம் இருக்கிறதா, ஒயர் உரசியிருக்கிறதா, மின்னழுத்தம் சரியா, புகைக்குழாயில் கசிவு உண்டா, டெஃப் டேங்கில் இருப்பது நல்ல கரைசலா. கடைசியில்தான் சென்சார். இரண்டு முறையும் எதையும் தாண்டவில்லை. டேங்கிலிருந்து ஊசியால் எடுத்த கரைசல் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது, அளவும் சரி. நான் பார்க்கும்போது எல்லாமே ஒழுங்கு, நான் கிளம்பிப் போனபின் கோளாறு. விட்டு விட்டு வரும் பழுதுக்கு, மற்றது எல்லாம் சரியாக இருந்தால், மிஞ்சுவது சென்சார்தான்.

மூன்றாம் முறை மேலாளர் கத்தவில்லை. வாரண்டியில் இலவசமாக மாற்றி, கழற்றி அனுப்பிய இரண்டு சென்சார்களும் தொழிற்சாலைச் சோதனையில் நல்லவை என்று வந்துவிட்டன என்றார்.

"ஏம்மா, இன்னொன்னு இப்படித் திரும்பி வந்தா நான் உன்ன பார்ட்ஸ் கவுண்டர்ல உக்கார வைக்கறத தவிர வேற வழியில்ல. உன் சொந்தக்காரர் வண்டின்னு வேற எல்லாரும் பேசறாங்க."

கவுண்டரில் உட்கார்ந்தவர்கள் திரும்ப வண்டிக்கு வந்ததில்லை. எனக்கு அடுத்து ஒரு பெண் வேலை கேட்டு வந்தால் என்னைக் காட்டித்தான் மறுப்பார்கள் என்பதும் தெரிந்தது.

எங்கள் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குச் சொல்லாமல் போவது மரியாதை இல்லை. அதிலும் மாமா முதல் நாளே சொல்லியிருந்தார்: "வர்றதுக்கு மின்னாடி ஒரு போன் போட்டுடு கண்ணு. அத்த கோழி அடிக்கணுமில்ல." வேறு யார் வண்டிக்கும் நான் முன்னால் சொல்லிவிட்டுப் போவதில்லை. இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் இரண்டு முறையும் முந்தின நாளே சொன்னேன். மூன்றாம் முறை சொல்லாததற்குக் காரணம் சந்தேகம் அல்ல. கிளையில் வாங்கிய பேச்சோடு போய் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

வண்டி ஒரு கேழ்வரகுக் காட்டின் ஓரம் நின்றிருந்தது. ஓட்டுநர் நடுவயதுக்காரர், மாமாவிடம் வெகுநாளாக இருப்பவர். நீல பிளாஸ்டிக் டிரம்மில் மூங்கில் கழியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வயலுக்குப் போடும் யூரியா மூட்டை பிரிந்து கிடந்தது. போர்க்குழாயிலிருந்து இழுத்த ஹோஸ் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் பதறவில்லை, சிரித்தார்.

"என்னாங்க மேடம், இன்னிக்கி வர்றதா ஓனரு சொல்லவே இல்லீங்களே? சொல்லியிருந்தா இத வடிச்சிட்டு கம்பெனி கேன ஊத்தி வெச்சிருப்பேன்."

"எப்பவும் அப்படித்தானா?"

"நீங்க வர்ற அன்னிக்கி மட்டுந்தாங்க. மீதி நாளைக்கி இதான்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கழியை நிறுத்தினார். "உங்களுக்குத் தெரியும், மாத்தி ஊத்தறது கம்பெனி கணக்குக்குத்தான்னாருங்களே. பாப்பா நம்ம ஆளு, அது பாத்துக்கும்னாரு."

நான் ஸ்பேனரை எடுத்துத் தெளிக்கும் மூக்கைக் கழற்றினேன். வாய் முழுவதும் வெள்ளைப் படிவு. வெறும் யூரியா உறைந்திருந்தால் வெந்நீரில் கரைந்துவிடும். பிளாஸ்கிலிருந்த வெந்நீரில் போட்டேன். கொஞ்சம் கரைந்தது, மீதி அசையவில்லை. அதை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் ஊர்த் தண்ணீர் காயும் எல்லா அண்டாவின் அடியிலும் இருக்கும் அதே சுண்ணாம்புப் பொருக்கு. டேங்க் வடிகட்டியைக் கழற்றியபோது வேப்பெண்ணெய் வாடை அடித்தது. வயல் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள். கேனில் வரும் கரைசலில் அந்த வாடைக்கு வழியில்லை.

சென்சார் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. இரண்டு நல்ல சென்சார்களைப் பழுது என்று கையெழுத்துப் போட்டுக் கழற்றியிருக்கிறேன்.

ஓட்டுநர் போன் செய்திருப்பார். மாமா பைக்கில் வந்தார். டிரம்மைப் பார்த்தார், என் கையிலிருந்த மூக்கைப் பார்த்தார்.

"போன் பண்ணாம வந்துட்டியே கண்ணு."

முதலில் அவர் சொன்னது அதுதான்.

"கேன் வெல கட்டுப்படியாகாம ஊருல நாலு பேரு பண்றதத்தான் நானும் பண்ணேன். இந்தவாட்டியும் சென்சார் போச்சுன்னு எழுதிடு. யாருக்கு நட்டம்? கம்பெனிக்காரனுக்குத்தான?"

"எனக்குங்க மாமா. என்ன வண்டிக்கே அனுப்பக் கூடாதுன்னு பேசிட்டிருக்காங்க."

"அட, நீ பொட்டப்புள்ள. ஆபீசுல ஃபேனுக்குக் கீழ உக்காந்து பாக்கற வேல கெடச்சா நல்லதுதான?"

டீசல் இன்ஜின் கழற்றினால் என்ன என்று அப்பாவிடம் கேட்ட அதே வாய். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் நினைக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப எதுக்குங்க மாமா என்னத்தான் அனுப்பணும்னு கேட்டீங்க?"

"வேற எவனாவது வந்தா டேங்க நோண்டுவான். நீ நம்ம புள்ள." இதில் ஒளிக்க எதுவும் இல்லை என்பதுபோல் சொன்னார். நானும் டேங்கைப் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது. பார்க்க மாட்டேன் என்று நம்பித்தான் கேட்டிருக்கிறார். போன் செய்யச் சொன்னது அதற்கும் மேல் ஒரு காவல்.

கிளம்பும்போது அவர் வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். அத்தை வாசலில் நின்றிருந்தாள். செய்தி அதற்குள் போயிருந்தது.

"உப்பு தின்ன வூட்டுலயே சோதன போட வந்துட்டியாடி?"

ஸ்கூட்டியை நிறுத்தினேன். நான் வருகிறேன் என்று தெரிந்தால் காலையில் டிரம் மறையும் என்பது உங்களுக்கும் தெரியுமா அத்தை என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். கேட்காமலே வந்துவிட்டேன்.

அன்று மாலை எழுதினேன்: மூக்கில் சுண்ணாம்புப் படிவு, வடிகட்டியில் வேப்பெண்ணெய், தரமற்ற கரைசல், சென்சார்களில் பழுதில்லை. முன்பு நான் எழுதிய இரண்டு முடிவுகளும் தவறு என்பதையும் சேர்த்தேன். வாடிக்கையாளர் எனக்குத் தாய்மாமன் என்பதை மேலாளர் தனியாகக் கேட்கவில்லை, அதையும் எழுதினேன்.

இப்போதைய நிலை இது. மாமாவின் வண்டிக்கு இனி வாரண்டி கிடையாது. அது அவர் களத்தில் நிற்கிறது. நான் வண்டி பார்க்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். கவுண்டர் பேச்சு நின்றுவிட்டது. அம்மா தம்பி வீட்டுக்குப் போவதில்லை. என்னோடு பேசுகிறாள், அவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. மாமாவின் எண் என் போனில் இருக்கிறது. அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.