நண்டு ஏறிய கப்பல்

தனுவச்சபுரத்தில், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக ஒரு கூட்டம். எழுத்தாளர் தன் கதையை வாசித்துக்கொண்டிருந்தார். யானைக்குட்டி ஆற்றுச் சுழலில் மாட்டிய இடத்தில் பஞ்சாயத்துத் தலைவரின் கார் வந்தது. மைக்கை 'டக்' என்று அணைத்துவிட்டார்கள்.

அந்தச் சத்தம் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். பிறர் நிலத்தில் நாங்கள் குடிசை போட்டிருந்த பத்து சென்ட் குடிகிடப்புக்குப் பட்டயம் கிடைத்தது முதலில். அப்பா கல்ஃபுக்குப் போனது அதற்குப் பிறகு. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாததால் அப்பா கேசட்டில் பேசி அனுப்புவார். கேசட்டைத் திறந்தால் அத்தர் மணக்கும். ஒருமுறை இரண்டு பக்கமும் அந்தப் பத்து சென்ட்டின் எல்லைக் கல் தகராறே ஓடியது. கடைசியில்தான் என்னைக் கூப்பிட்டார்.

"மக்கா, ஒனக்கொரு கதை உண்டு. ஒரு நண்டு கப்பலேறிச்சாக்கும். நடுக்கடலுல..."

டக். நாடா தீர்ந்துவிட்டது.

"எல்லைக் கல்லப் பத்திச் சொன்னத இன்னொருக்க போடு," என்றார் கூட இருந்து கேட்ட பெரியப்பா.

இரண்டு வருடம் காத்திருந்து, லீவில் வந்த அப்பாவிடம் மிச்சத்தைக் கேட்டேன். "எந்த நண்டு மக்கா?" என்றார்.

இங்கே கூட்டத்தில் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என் பக்கத்திலிருந்த சிறுமி எழுந்து, "பின்ன யானைக்குட்டிக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். எழுத்தாளர் சிரித்தபடி புத்தகத்தை அவளிடம் நீட்டினார். "மிச்சம் இதுல உண்டு மக்கா. வாசிச்சுக்கோ."

அவள் எழுத்துகளை விட்டுப் படங்களைப் புரட்டிப் பார்த்தாள். கடைசிப் படத்தில் ஆறு மட்டும் இருந்தது. புத்தகத்தை என்னிடம் தந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் ஆரம்பித்தேன். அதற்குள் தலைவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"கேக்கல மாமா."

எழுந்து நின்றேன். மைக்கை விடச் சத்தமாக, சுழலிலிருந்து வாசித்தேன்.